பொட்டாசியமும் செம்பும்: வெளிக்கூட்டு எலக்ட்ரானைக் கொண்டு உலோகத்தின் வினைத்திறனைக் கணிப்பது எப்படி?

சென்ற ஆண்டு பதினோராம் வகுப்பில் தனிம வரிசை அட்டவணையை நடத்தி முடித்த மறுநாள், மாணவி ஒருத்தி நோட்டுடன் என் மேசைக்கு வந்தாள். "சார், பொட்டாசியத்துக்குக் கடைசிக் கூட்டில் ஓர் எலக்ட்ரான். செம்புக்கும் ஒன்றுதான். பொட்டாசியத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும் என்றீர்கள். எங்கள் அப்பத்தா செம்புக் குடத்தில்தான் நாற்பது வருடமாகத் தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள். ஒன்றுமே ஆகவில்லையே?"

மதுரையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேதியியல் நடத்துகிறேன். இவ்வளவு கூர்மையான கேள்வி என் வகுப்பில் அபூர்வம். "வெளிக்கூட்டில் எலக்ட்ரான் குறைவாக இருந்தால் வினைத்திறன் அதிகம்" என்று நாம் மனப்பாடம் செய்கிற வரி இந்தக் கேள்வியின் முன் நிற்காது. அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் விரித்து, படிப்படியாக இங்கே எழுதுகிறேன். ஒரு தனிம வரிசை அட்டவணையையும் பென்சிலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் படி: கூடு கூடாக எழுதுங்கள்

எந்த உலோகத்தை எடுத்தாலும் அதன் எலக்ட்ரான்கள் ஒவ்வொரு கூட்டிலும் எத்தனை என்று உள்ளிருந்து வெளியே வரிசையாக எழுதுங்கள்.

சோடியம்: 2, 8, 1
பொட்டாசியம்: 2, 8, 8, 1
கால்சியம்: 2, 8, 8, 2
இரும்பு: 2, 8, 14, 2
செம்பு: 2, 8, 18, 1
துத்தநாகம்: 2, 8, 18, 2
வெள்ளி: 2, 8, 18, 18, 1
தங்கம்: 2, 8, 18, 32, 18, 1

கடைசி எண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கு முந்தைய எண்ணையும் பாருங்கள். பொட்டாசியத்தில் அது 8, செம்பில் 18. அப்பத்தாவின் குடம் தீப்பிடிக்காததற்கான விடையில் பாதி அந்த எண்ணில் இருக்கிறது.

அட்டவணையின் செங்குத்து வரிசைகளைத் தொகுதி என்கிறோம். 1, 2, 13 ஆகிய தொகுதிகளில் கடைசிக் கூட்டில் உள்ளவை மட்டுமே இணைதிறன் எலக்ட்ரான்கள், அதாவது வினையில் பங்கெடுப்பவை. இடைநிலை உலோகங்களில் அதற்கு உட்புறக் கூட்டிலிருந்தும் எலக்ட்ரான் கிளம்பும். இரும்பு சில சேர்மங்களில் இரண்டையும், துருவில் மூன்றையும் இழப்பது அதனால்தான்.

இரண்டாம் படி: அந்த எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருப்பது எது?

வைகையில் கள்ளழகர் இறங்கும் காலையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் நிற்கிறவருக்கு அழகர் தெரிவதும் தெரியாததும் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: எவ்வளவு தூரத்தில் நிற்கிறார், முன்னால் எத்தனை தலைகள் மறைக்கின்றன. அணுக்கருவுக்கும் வெளிக்கூட்டு எலக்ட்ரானுக்கும் இடையே உள்ள நிலையும் இதுதான். இடையில் நிற்கும் உள் எலக்ட்ரான்கள் அணுக்கருவின் ஈர்ப்பை மறைக்கின்றன. மறைத்தது போக மீதி உணரப்படும் ஈர்ப்பைச் செயலுறு அணுக்கரு மின்சுமை என்கிறோம்.

இதைத் தோராயமாகக் கணக்கிட 1930இல் ஸ்லேட்டர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் எளிய விதிகளைக் கொடுத்தார். வெளிக்கூட்டுக்கு நேர் உள்ளே இருக்கும் கூட்டின் எலக்ட்ரான் ஒவ்வொன்றும் 0.85 அளவுக்கு மறைக்கும். அதற்கும் உள்ளே இருப்பவை ஒவ்வொன்றும் முழுதாக 1 மறைக்கும். வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான் உள்ள உலோகங்களுக்கு இந்த இரண்டு விதிகளே போதும்.

சோடியத்தில் புரோட்டான் 11. மறைப்பு 8 × 0.85 = 6.8, அதனுடன் 2, மொத்தம் 8.8. மீதி 2.2. பொட்டாசியத்தில் புரோட்டான் 19. மறைப்பு 6.8 + 10 = 16.8. மீதி அதே 2.2.

செம்பில் புரோட்டான் 29. நேர் உட்கூட்டில் 18 எலக்ட்ரான்கள். 18 × 0.85 = 15.3. அதற்குள்ளே 10. மொத்த மறைப்பு 25.3. மீதி 3.7.

பொட்டாசியத்தைவிடச் செம்பில் பத்துப் புரோட்டான்கள் அதிகம், மறைக்கும் எலக்ட்ரான்களும் பத்து அதிகம். ஆனால் அந்தப் பத்தும் முழுமையாக மறைப்பதில்லை. கூட்டம் பெரிது, இடைவெளி விட்டு நிற்கும் கூட்டம். அதனால் செம்பின் கடைசி எலக்ட்ரான் உள்ளே இழுக்கப்பட்டு அணுவே சுருங்கிவிடுகிறது. பொட்டாசிய அணுவின் ஆரம் 227 பிக்கோமீட்டர், செம்புக்கு 128. அந்த ஒற்றை எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கப் பொட்டாசியத்துக்கு மோலுக்கு 419 கிலோஜூல் போதும். செம்புக்கு 745 வேண்டும். இதுவே முதல் அயனியாக்கும் ஆற்றல்.

மூன்றாம் படி: முதல் தொகுதியில் மேலிருந்து கீழே இறங்குங்கள்

சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் மீதி ஈர்ப்பு ஒரே 2.2 என்று கண்டோம். ருபீடியத்துக்கும் சீசியத்துக்கும் கணக்குப் போட்டாலும் அதே 2.2 தான் வரும். மாறுவது தூரம் மட்டுமே. சோடியம் 186 பிக்கோமீட்டர், பொட்டாசியம் 227, சீசியம் 265. அதற்கேற்ப அயனியாக்கும் ஆற்றல் இறங்குகிறது: லித்தியம் 520, சோடியம் 496, பொட்டாசியம் 419, ருபீடியம் 403, சீசியம் 376.

வெளி எலக்ட்ரான் ஒன்றே ஒன்று, அதுவும் தொலைவில் என்பதால் அணுக்களுக்கு இடையே உள்ள உலோகப் பிணைப்பும் தளர்ந்துவிடுகிறது. சீசியத்தின் உருகுநிலை 28.5 டிகிரி செல்சியஸ். சித்திரை மாதத்து மதுரையில் கண்ணாடிக் குப்பிக்குள் அடைத்த சீசியம், குளிர்சாதனம் இல்லாத அறையில் திரவமாகத்தான் இருக்கும்.

நான் படித்த காலத்தில் ஆய்வகத்தில் சோடியத்தை முதன்முதலாகக் கத்தியால் வெட்டியது இன்னும் கையில் நிற்கிறது. மண்ணெண்ணெயிலிருந்து இடுக்கியால் எடுத்து, வடிதாளில் ஒற்றி, வெட்டினேன். துணி சோப்புக் கட்டியை வெட்டுகிற மாதிரி இறங்கியது. வெட்டுமுகம் புது வெள்ளிக் கிண்ணம்போல் பளிச்சென்று இருந்தது. அதை நன்றாகப் பார்ப்பதற்குள் ஓரத்திலிருந்து சாம்பல் படர்ந்து நடுவரை மூடிவிட்டது. காற்றின் ஆக்சிஜனும் ஈரமும் அந்த ஒற்றை எலக்ட்ரானை வாங்கிக்கொண்டுபோன வேகம் அது. துவரம்பருப்பு அளவுத் துண்டை ஆசிரியர் நீரில் இட்டதும் உருகி உருண்டையாகி, சீறிக்கொண்டு நீர்ப்பரப்பில் ஓடியது. பொட்டாசியமாக இருந்தால் வெளியாகும் ஹைட்ரஜன் ஊதா நிறத்தில் எரியும்.

இந்த உலோகங்கள் நீரில் வெடிக்கவும் செய்யும். அந்த வெடிப்பு ஹைட்ரஜன் எரிவதால் மட்டும் வருவதில்லை. 2015இல் பிராகா நகர ஆய்வாளர்களின் குழு அதிவேக ஒளிப்படக் கருவியால் படம்பிடித்து, வேறொரு காரணத்தை நேச்சர் கெமிஸ்ட்ரி இதழில் வெளியிட்டது. நீரைத் தொட்ட நொடியே உலோகத்தின் பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் நீருக்குள் பாய்ந்துவிடுகின்றன. மிஞ்சும் நேர் அயனிகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ள, உலோகத் துளியிலிருந்து ஊசி ஊசியாக முட்கள் கிளம்புகின்றன. ஒரு மில்லிவினாடி முடியும் முன்பே இது நடந்துவிடுகிறது. சோடியத்தையோ பொட்டாசியத்தையோ பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாமல் யாரும் தொடவேண்டாம்.

நான்காம் படி: எலக்ட்ரான் ஒவ்வொன்றுக்கும் விலை போடுங்கள்

அட்டவணையின் மூன்றாம் தொடரில் (கிடை வரிசையில்) இடமிருந்து வலமாக வாருங்கள். சோடியத்தின் முதல் எலக்ட்ரானுக்கு 496; இரண்டாவதை எடுக்க முயன்றால் 4,562. உள்கூட்டை உடைக்கிற விலை அது. மக்னீசியத்துக்கு 738, 1,451, மூன்றாவதற்கு 7,733. அலுமினியத்துக்கு 578, 1,817, 2,745, நான்காவதற்கு 11,577. விலை திடீரென்று எங்கே எகிறுகிறதோ, அங்கே இணைதிறன் எலக்ட்ரான்கள் தீர்ந்துவிட்டன என்று பொருள். ஒரு தனிமத்தின் பெயரை மறைத்து இந்த எண்களை மட்டும் கொடுத்தாலும் அது எந்தத் தொகுதி என்று உங்களால் சொல்லிவிட முடியும்.

கொடுக்கவேண்டிய எலக்ட்ரான் கூடக் கூட மொத்தச் செலவு ஏறுகிறது. சோடியம் குளிர்ந்த நீரிலேயே சீறுகிறது; மக்னீசியம் குளிர்ந்த நீரில் மிக மெதுவாகவும் நீராவியில் வேகமாகவும் வினைபுரிகிறது. தொகுதியில் கீழே இறங்கினால் கால்சியம் குளிர்ந்த நீரிலேயே குமிழ் விடும், நீர் பால்போல் வெளுக்கும்.

கால்சியம் என்றதும் நம் ஊரில் சுண்ணாம்பு நினைவுக்கு வரும். மதுரையில் காளவாசல் என்றொரு பகுதி உண்டு; அந்தப் பெயரே சூளையைக் குறிக்கும் சொல். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீறும். 1636இல் திருமலை நாயக்கர் எழுப்பிய மகாலின் தூண்களில் பூசிய சுதையும், சோழவந்தான் வெற்றிலையில் தடவுகிற சுண்ணாம்பும் அந்த வழியில் வந்தவை. இந்தக் கொதிப்பைப் பார்த்து "இதுதான் கால்சியத்தின் வினைத்திறன்" என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். அது பிழை. சுண்ணாம்புக்கல்லிலேயே கால்சியம் தன் இரண்டு எலக்ட்ரான்களையும் இழந்துவிட்டது. நீறும்போது ஓர் எலக்ட்ரான்கூடக் கைமாறுவதில்லை. கால்சியத்தை உலோகமாக இயற்கையில் எங்கும் பார்க்க முடியாது. 1808இல் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைப் பாய்ச்சித்தான் அதைப் பிரித்தெடுத்தார்.

ஐந்தாம் படி: வரவு செலவு எழுதுங்கள்

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். "மந்த வாயுவின் அமைப்பை அடைய அணு விரும்புகிறது" என்று புத்தகங்கள் எழுதுகின்றன. அணுவுக்கு விருப்பம் கிடையாது. எந்த உலோகமும் எலக்ட்ரானைத் தானாகத் தருவதில்லை. சீசியத்திடமிருந்து எடுக்கவும் 376 செலவழிக்கத்தான் வேண்டும். அந்தச் செலவை ஈடுகட்டும் வரவு எங்கிருந்தோ வந்தால் வினை நடக்கும், வராவிட்டால் நடக்காது. இதைப் பிடித்துக்கொண்டால் வினைபடு வரிசையை மனப்பாடம் செய்யவே வேண்டியதில்லை.

நீரிலும் அமிலத்திலும் நடக்கும் வினைகளுக்குச் செலவு இரண்டு: திட உலோகத்திலிருந்து அணுவைப் பிரிக்கும் செலவு, அந்த அணுவிலிருந்து எலக்ட்ரானை எடுக்கும் செலவு. வரவு ஒன்று: பிறந்த அயனியை நீர் மூலக்கூறுகள் சூழும்போது வெளியாகும் நீரேற்ற ஆற்றல். எல்லாம் மோலுக்குக் கிலோஜூலில். புத்தகத்துக்குப் புத்தகம் சில இலக்கங்கள் வேறுபடலாம்.

பொட்டாசியம்: 89 + 419 = 508 செலவு. வரவு 322. நிகரச் செலவு 186.

செம்பு இரண்டு எலக்ட்ரான்களை இழக்கிறது: 338 + 745 + 1,958 = 3,041 செலவு. வரவு சுமார் 2,100. நிகரம் 941, எலக்ட்ரான் ஒன்றுக்கு 470.

இந்த எலக்ட்ரானை வாங்கப்போகிறது அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி. ஹைட்ரஜனுக்கும் அதே கணக்கைப் போட்டால் 218 + 1,312 − 1,091 = 439. ஹைட்ரஜன் அயனி எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு வாயுவாகும்போது இந்த 439 திரும்பக் கிடைக்கும். பொட்டாசியம் 186 கொடுத்து 439 பெறுகிறது. லாபம் 253, அது வெப்பமாகவும் தீயாகவும் தெரிகிறது. செம்பு 470 கொடுத்து 439 பெறவேண்டும், நட்டம். நட்டமான வினை தானாக நடக்காது. அப்பத்தாவின் குடம் நாற்பது ஆண்டு நின்றது இந்த 31 கிலோஜூல் வித்தியாசத்தில்.

செம்பின் செலவுக் கணக்கில் 338 என்ற முதல் எண்ணைக் கவனித்தீர்களா? பொட்டாசியத்துக்கு அது வெறும் 89. செம்பில் உட்கூட்டு எலக்ட்ரான்களும் பிணைப்பில் கைகொடுப்பதால் அணுக்கள் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. செம்பு கடினமாக இருப்பதும் பொட்டாசியத்தைக் கத்தியால் வெட்ட முடிவதும் இதே எண்களின் வெளிப்பாடுதான்.

நீங்களே இன்னும் இரண்டு போட்டுப் பாருங்கள். துத்தநாகம்: 131 + 906 + 1,733 = 2,770; வரவு 2,046; எலக்ட்ரானுக்கு 362. 439ஐவிடக் குறைவு, ஆகவே நீர்த்த அமிலத்தில் ஹைட்ரஜன் குமிழிடும். வெள்ளி: 285 + 731 − 473 = 543. 439ஐத் தாண்டிவிட்டது, ஆகவே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சும்மா கிடக்கும்.

லித்தியத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 159 + 520 − 519 = 160. பொட்டாசியத்தைவிடவும் குறைந்த நிகரச் செலவு. சிறிய அயனியை நீர் இறுகச் சூழ்வதால் வரவு அதிகம். மின்முனை அழுத்த வரிசையில் லித்தியம் முதலிடத்தில் நிற்பதும் இதனால்தான். ஆனால் நீரில் போட்டால் பொட்டாசியத்தைவிட அமைதியாக வினைபுரிகிறது. வரவு செலவு, வினை எவ்வளவு லாபம் என்று சொல்லும். எவ்வளவு வேகம் என்று சொல்லாது. லித்தியத்தின் உருகுநிலை 180 டிகிரி. வினையின் சூட்டில் சோடியமும் பொட்டாசியமும் உருகிவிடுகின்றன. லித்தியம் கட்டியாகவே மிதக்கிறது.

தங்கத்துக்கு வருவோம். தெற்கு ஆவணி மூல வீதியில் பழைய நகையை உரைகல்லில் தேய்த்து, கோட்டின் மேல் நைட்ரிக் அமிலம் விடுவார்கள். செம்பும் வெள்ளியும் கரைந்துபோகும், தங்கக் கோடு நிற்கும். தங்கத்துக்கும் வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான்தான். ஆனால் அயனியாக்கும் ஆற்றல் 890. அணுக்கருவில் 79 புரோட்டான்கள் இருப்பதால் மிக உள்ளே சுற்றும் எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தில் பாதியைத் தாண்டிவிடுகிறது. ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவால் அவற்றின் பாதை சுருங்குகிறது, வெளி எலக்ட்ரானின் பாதையும் சேர்ந்து சுருங்குகிறது. தங்கத்தின் மஞ்சள் நிறத்துக்கும் அதுவே காரணம். நைட்ரிக் அமிலத்தோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சேர்த்த இராஜ திராவகத்தில் தங்கம் கரைகிறது. குளோரைடு அயனிகள் தங்க அயனியைச் சூழ்ந்து பிடித்துக்கொண்டு வரவுப் பக்கத்தை உயர்த்திவிடுகின்றன.

ஆறாம் படி: மேலே படலம் இருக்கிறதா என்று பாருங்கள்

கணக்குப்படி அலுமினியம் இரும்பைவிட வினைத்திறன் மிக்கது. ஆனால் துருப்பிடிப்பது தோசைக்கல், அலுமினியச் சட்டி அல்ல. அலுமினியம் காற்றைத் தொட்டதும் மெல்லிய, இறுகிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. இரும்பின் துரு பொருக்காக உதிர்ந்து அடுத்த அடுக்கைக் காட்டிக்கொடுக்கிறது. அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை இரவெல்லாம் வைக்காதீர்கள், சலவை சோடாவில் ஊறவைக்காதீர்கள். அமிலமும் காரமும் அந்தப் படலத்தைக் கரைக்கும். எவர்சில்வரில் காவல் காப்பது குரோமியத்தின் படலம். அந்த உலோகக் கலவையில் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருக்கும்.

செம்பு ஹைட்ரஜன் அயனியிடம் நட்டப்படும், ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜன் எலக்ட்ரானுக்கு அதிக விலை கொடுக்கும். அதனால்தான் ஈரக்காற்றில் களிம்பு ஏறுகிறது. சைவ சித்தாந்தம் உயிரின் ஆணவ மலத்தைச் செம்பில் களிம்பு என்று உவமை சொல்லும், கூடவே பிறந்தது என்று. வேதியியலில் களிம்பு வெளியே இருந்து வருவது. ஆனாலும் செம்பு இருக்கிற இடத்தில் அது வராமலிருப்பதில்லை என்ற கவனிப்பு சரியானது. புளியோ மோரோ பட்டால் பித்தளையிலிருந்து செம்பு உணவில் இறங்கும் என்று உள்ளே ஈயம் பூசினார்கள். பூசுவது வெள்ளீயம், அது செம்பைவிடச் சற்று வினைத்திறன் கூடியது. ஆனாலும் அதன் படலம் காக்கும், சிறிது கரைந்தாலும் செம்பளவுக்குக் கெடுதல் இல்லை. காரீயத்தைப் பூசினால் நஞ்சு. கடையில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஏழாம் படி: கண்ணால் பாருங்கள்

கறுத்த வெள்ளிக் கொலுசு ஒன்றை எடுங்கள்; கல் பதித்ததோ முலாம் பூசியதோ வேண்டாம். பீங்கான் கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசு அதைத் தொடும்படி வையுங்கள். ஒரு கரண்டி ஆப்பசோடா, சிறிது உப்பு, மேலே கொதிநீர். சில நிமிடங்களில் கறுப்பு விலகும், அழுகிய முட்டை வாடை இலேசாக வரும். அந்தக் கறுப்பு வெள்ளி சல்ஃபைடு. அலுமினியம் தன் எலக்ட்ரான்களைக் கொடுக்க, வெள்ளி அயனிகள் அவற்றை வாங்கி மறுபடி வெள்ளியாகின்றன. புளியோ பொடியோ போட்டுத் தேய்த்தால் வெள்ளியும் சேர்ந்து தேயும். இதில் அது கொலுசிலேயே தங்குகிறது.

அடுத்து, உப்புத்தாளால் தேய்த்த இரும்பு ஆணியை மயில்துத்தக் (செம்பு சல்ஃபேட்) கரைசலில் அரைமணி நேரம் போடுங்கள். ஆணியின் மேல் செம்பு படியும், நீலம் வெளிறும். செம்புக் கம்பியை அன்னபேதிக் (இரும்பு சல்ஃபேட்) கரைசலில் போட்டால் எதுவும் நடக்காது. மயில்துத்தம் நஞ்சு, சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள், கையுறை போடுங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பூஞ்சைநோய்க்கு ஒரு சதவீத போர்டோ கலவை தயாரிக்கும்போது, ஒரு கிலோ மயில்துத்தத்தையும் ஒரு கிலோ சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து நூறு லிட்டராக்குவார்கள். இரும்புத் தொட்டியில் கலக்கமாட்டார்கள். மண்பானையோ பிளாஸ்டிக் பீப்பாயோ தான். கலந்ததும் தீட்டிய கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பார்ப்பார்கள். கத்தியில் செம்பு படிந்தால் செம்பு அயனிகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன, தெளித்தால் இலை கருகும். கொஞ்சம் சுண்ணாம்புப் பாலை ஊற்றிக் கலக்கி, மறுபடி முக்குவார்கள். கத்தி வெள்ளையாகவே வெளியே வந்த பிறகுதான் தெளிப்பான் தோளில் ஏறும்.